பெரிய வண்டியில் யாருக்கு இடம்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

திருக்கோவிலூர் இடைகழியின் கதையை நம் பகுதியில் கேளாதவர் இரார். மழை பெய்த ஓர் இரவில் பொய்கையாழ்வார் ஒரு சிறிய இடைகழியில் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்டார். ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் அமரலாம் என்று எழுந்து உட்கார்ந்தார் பொய்கையார். பின்னர்ப் பேயாழ்வார் வந்தார். இருவர் அமரும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்று மூவரும் எழுந்து நின்றனர். அப்போது நான்காமவர் ஒருவர் தங்களை நெருக்குவதை உணர்ந்தனர். அவர் திருமாலே என்பது கதை. ஓரிடத்தில் எத்தனை பேர் கொள்வர் என்பது அவர்கள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இந்த உண்மையை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது.

சென்ற ஆண்டு அந்தத் திருக்கோவிலூர் வழியாகவே எங்கள் குடும்பம் நெல்லிக்குப்பத்திலிருந்து திருவண்ணாமலைக்கு ஒரு வாடகை வண்டியில் சென்றது. ஜீப்பைப் போல உயரமான, மூன்று வரிசை இருக்கைகள் கொண்ட பெரிய வண்டி. பெரியவர்களும் குழந்தைகளுமாகப் பத்துப் பேர். யார் எங்கே உட்காருவது என்று பேச்சு வந்தபோது, "படிக்கிற புள்ள முன்னாடி ஒக்காரட்டும்" என்றார் சித்தப்பா. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கரும்புக்குச் சோகை உரிக்கப் போகும் என் தாயார் எதுவும் பேசாமல் கடைசி வரிசைக்கு ஏறிக்கொண்டார். எனக்கோ முன்னிருக்கை மிக வசதியாக இருந்தது. பண்ருட்டியைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்து, "வண்டி சொகுசா இருக்குதில்லம்மா?" என்று கேட்டேன். "இருக்குதுப்பா" என்றார்.

திருக்கோவிலூரில் தேநீருக்காக வண்டி நின்றது. எல்லோரும் இறங்கினோம். தாயாரால் இறங்க முடியவில்லை. கால்கள் மரத்து, முழங்காலை நீட்ட இயலாமல், கதவைப் பிடித்தபடி சிறிது நேரம் அப்படியே இருந்தார். திரும்பி வரும்போது நான் அந்தக் கடைசி இருக்கையில் அமர்ந்தேன். அன்று அந்த மூன்று மணி நேரத்தில் நான் கற்றதே இக்கட்டுரை.

இந்த வண்டிகள் வந்த வழி

இன்று எஸ்.யூ.வி. என்று அழைக்கப்படும் வண்டிகளுக்கு நம் நாட்டில் மூதாதை ஜீப் ஆகும். இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற வில்லிஸ் ஜீப்பை மகேந்திரா நிறுவனம் 1947இல் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. ஜீப்பில் சொகுசை எவரும் எதிர்பார்க்கவில்லை. சேற்றிலும் மேட்டிலும் ஏறினால் போதும் என்பதே எதிர்பார்ப்பு.

1994இல் டாடா சுமோ வந்தது. அந்நிறுவனத்தின் தலைவராக விளங்கிய சுமந்த் மூல்காவ்கரின் பெயரிலிருந்து அப்பெயர் பிறந்தது. 2019 வரை அது உற்பத்தியில் இருந்தது. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று நம் ஊர்க் குடும்பங்கள் கூட்டமாகச் செல்ல வழிசெய்த வண்டிகளில் அது முக்கியமானது. 1998இல் டாடா சபாரியும், 2000இல் மகேந்திரா பொலிரோவும், 2002இல் ஸ்கார்ப்பியோவும் வந்தன. பின்னர் தமிழ்நாடே இவ்வண்டிகளின் தாயகங்களுள் ஒன்றாயிற்று. 2012இல் ரெனால்ட் டஸ்டர் ஒரகடத்திலிருந்தும், 2015இல் ஹூண்டாய் கிரெட்டா ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியிலிருந்தும் வெளிவந்தன. மகேந்திராவின் ஆராய்ச்சிக் கூடம் 2012 முதல் செங்கல்பட்டுக்கு அருகே இயங்கி வருகிறது.

இவ்வாறு ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும் இவை ஒரே இனம் அல்ல. எதில் இடம் அதிகம், எதில் உட்காருவது சுகம் என்பதை ஒப்பிட வேண்டுமானால், முதலில் வண்டியின் வெளி அளவுக்கும் உள் அளவுக்கும் உள்ள வேறுபாட்டை அறிய வேண்டும்.

வெளி அளவு வேறு, உள் அளவு வேறு

வண்டியின் நீளத்தைவிட அதன் சக்கர இடைவெளியே உள்ளிடத்தை அதிகம் உணர்த்தும் என்பர். முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் இடையே உள்ள தூரமே சக்கர இடைவெளி. பயணிகளில் பெரும்பாலோர் இவ்விரு அச்சுகளுக்கு இடையில்தானே அமர்கிறார்கள்?

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஐந்து பேருக்கான கிரெட்டாவின் சக்கர இடைவெளி 2610 மில்லிமீட்டர். அதே குடும்பத்தைச் சேர்ந்த அல்கசார் வண்டியில் மூன்றாம் வரிசை சேர்க்க வேண்டியிருந்தபோது, 2021இல் அந்த இடைவெளியை 2760 மில்லிமீட்டராக நீட்டினார்கள். ஒரு வரிசை கூடியது. அச்சுகளுக்கு இடையே கூடியதோ 150 மில்லிமீட்டர், அதாவது அரை அடி மட்டுமே. மீதி இடம் பின் அச்சுக்கு மேலும் அதற்குப் பின்னும், மூட்டை முடிச்சு வைக்கும் இடத்திலிருந்தும் எடுக்கப்படுகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆயினும் சக்கர இடைவெளி மட்டுமே முடிவு சொல்லிவிடாது. பொலிரோவின் நீளம் 3995 மில்லிமீட்டர். சக்கர இடைவெளி 2680. கிரெட்டாவைவிட 70 மில்லிமீட்டர் அதிகம். அப்படியானால் பொலிரோவின் நடு வரிசையில் கால் வைக்கும் இடம் கூடுதலாக இருக்க வேண்டுமல்லவா? அவ்வாறு அமைவதில்லை. காரணம், என்ஜின் வைக்கப்பட்ட முறை. பொலிரோவில் என்ஜின் நீளவாக்கில் இருக்கிறது. அதன் பின்னால் கியர்ப் பெட்டி, அதன் பின்னால் பின் சக்கரங்களை இயக்கும் தண்டு. கிரெட்டாவில் என்ஜின் குறுக்குவாக்கில் இருந்து முன் சக்கரங்களையே இயக்குகிறது. ஒரு சிறிய அறையில் கட்டிலை நீளமாகப் போடுவதற்கும் சுவரோரம் குறுக்கே போடுவதற்கும் உள்ள வேறுபாடு போன்றதே இது. கட்டில் ஒன்றுதான், நடமாட எஞ்சும் இடம் வேறு.

நீளத்தைக் குறைப்பதில் அரசின் வரிக்கும் பங்குண்டு. 4 மீட்டருக்கு உட்பட்ட, சிறிய என்ஜின் கொண்ட கார்களுக்கு 2006ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கை வரிச்சலுகை தந்தது. 2025 செப்டம்பரில் மாற்றப்பட்ட சரக்கு சேவை வரியிலும் இந்த 4 மீட்டர் எல்லை தொடர்கிறது. சிறியவற்றுக்கு 18 விழுக்காடு, பெரியவற்றுக்கு 40 விழுக்காடு. பல வண்டிகளின் நீளம் 3995 மில்லிமீட்டரை ஒட்டி நிற்பதன் இரகசியம் இதுவே. அந்த நீளத்துக்குள் என்ஜினும் மனிதரும் மூட்டையும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

தரை உயர்ந்தால் முழங்கால் உயரும்

பொலிரோ, ஸ்கார்ப்பியோ போன்ற வண்டிகளில் ஏணியைப் போன்ற இரும்புச் சட்டம் அடியில் இருக்கும். அதன்மேல் உடற்கூடு பொருத்தப்படும். கிரெட்டா, டஸ்டர் போன்றவற்றில் தனிச் சட்டம் இல்லை. உடற்கூடே பாரத்தைத் தாங்கும். முன்னது முரட்டுப் பாதைக்கும் பளுவுக்கும் ஏற்றது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் வாடகை வண்டி ஓட்டும் என் மாமா, "எங்க ரோட்டுக்கு மெத்தை முக்கியமில்ல, சேஸிஸ்தான் முக்கியம்" என்பார். அவர் சொல்வது அவருடைய தொழிலுக்கு முற்றிலும் சரி.

ஆனால் ஏணிச் சட்டத்தின் உயரம் தரையையும் உயர்த்திவிடுகிறது. கூரை அதே உயரத்தில் இருக்கத் தரை மட்டும் உயர்ந்தால், இருக்கைக்கும் தரைக்கும் உள்ள தூரத்தைக் குறைத்தே ஆகவேண்டும். அப்போது முழங்கால்கள் மார்பை நோக்கி எழும்பும். குறிப்பாகக் கடைசி வரிசையில் இது மிகுதி. ஏனெனில் அங்கே அடியில் பின் அச்சும், இரு புறமும் சக்கர வளைவுகளும் இருக்கின்றன.

இதனால் என்ன தீங்கு? நாம் சரியாக அமரும்போது உடலின் எடை இடுப்பின் இரு எலும்பு முனைகளிலும் தொடைகளிலும் பரவுகிறது. முழங்கால் உயர்ந்துவிட்டால் தொடை மெத்தையைத் தொடுவதே இல்லை. எடை முழுவதும் அந்த இரு முனைகளின்மீதே விழுகிறது. விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம் என்று பள்ளியில் படித்தோம். பரப்பு குறைந்தால் அழுத்தம் பெருகும். அதுவே அரைமணி நேரத்தில் வலியாக மாறுகிறது. அத்துடன் கீழ்முதுகும் வளைந்துவிடுகிறது. சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960களில் முதுகெலும்பு வட்டுகளுக்குள் உள்ள அழுத்தத்தை நேரடியாக அளந்தார். நிற்பதைவிடச் சாய்மானமின்றி உட்காரும்போது அழுத்தம் அதிகம் என்று கண்டார். உட்கார்ந்திருப்பது எப்போதும் ஓய்வாகிவிடாது என்பதற்கு இதுவே சான்று.

யாருடைய கால்?

விளம்பரத் தாள்களில் கால் வைக்கும் இடம் இத்தனை மில்லிமீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். இதை அளப்பதற்கு உலகளாவிய முறை ஒன்று உண்டு. எடை ஏற்றிய ஒரு பொம்மை மனிதனை இருக்கையில் அமர்த்தி, அதன் இடுப்பு மூட்டு எங்கே அமைகிறது என்று குறிப்பார்கள். அந்த இடுப்புப் புள்ளியே எல்லா அளவுகளுக்கும் தொடக்கம். அங்கிருந்து கணுக்கால் வரை உள்ள தூரத்துடன் 254 மில்லிமீட்டரைக் கூட்டுவார்கள். ஆகவே அச்சில் உள்ள எண், நம் முழங்காலுக்கு முன்னால் உள்ள வெற்றிடம் அன்று.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் பொம்மையின் கால்கள், நூறு ஆண்களில் 95 பேரின் கால்களைவிட நீண்டவை. நெடிய ஆணுக்கு இடம் போதுமானால் மற்றவர்க்கும் போதும் என்பது கணக்கு. இடத்தைப் பொறுத்தவரை அது சரி. சுகத்தைப் பொறுத்தவரை அது சரியன்று. என் தாயார் ஐந்து அடிக்கும் குறைவு. நீண்ட தொடைக்கென அமைந்த மெத்தையில் அவர் சாய்ந்து உட்கார்ந்தால், மெத்தையின் முன் விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அழுத்தும். பாதம் தரையில் பதியாது. முன்னால் நகர்ந்து உட்கார்ந்தால் முதுகுக்குச் சாய்மானம் இல்லை. நம் வீட்டுப் பெண்கள் பலர் இந்த இரண்டுக்கும் இடையே மாறி மாறி நெளிந்துகொண்டே ஊர் போய்ச் சேர்கிறார்கள்.

அகலத்திலும் ஒரு கணக்கு உண்டு. பெரியவர் ஒருவரின் தோள் அகலம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் எனக் கொண்டால் மூவருக்கு 135 தேவை. பொலிரோவின் வெளி அகலம் 1745 மில்லிமீட்டர், கிரெட்டாவினுடையது 1790. இரு பக்கமும் கதவின் தடிமனையும் கைப்பிடியையும் கழித்துவிட்டால் மூவர் தோளோடு தோள் உரசித்தான் அமர வேண்டும். நடுவில் அமர்பவருக்கு மெத்தையின் மேடான பகுதியே வாய்க்கிறது.

குலுக்கலின் கணக்கு

இருக்கை எவ்வளவு மெத்தென்று இருந்தாலும், வண்டி குலுங்கினால் சுகம் இல்லை. வில்லில் தொங்கும் எடையின் அதிர்வெண், வில்லின் விறைப்பை எடையால் வகுத்து வரும் ஈவின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது நம் ஆய்வகத்தில் செய்து பார்த்த சோதனைதான். சாதாரணக் கார்களில் உடற்கூடு வினாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை வரை மேலும் கீழும் அசையுமாறு அமைப்பார்கள். மனித உடல் மிக அதிகம் துன்புறுவது வினாடிக்கு 4 முதல் 8 வரையான அதிர்வுகளில். ஆகவே அந்த எல்லையிலிருந்து விலகி நிற்பதே நல்ல வண்டிக்கு அழகு. பொலிரோ போன்றவற்றில் பின்புறம் பளு தாங்கும் பட்டை ஸ்பிரிங் இருக்கிறது. அதன் விறைப்பு அதிகம். ஆகையால் காலியாகச் சென்றால் குதிக்கும். ஆள் ஏறினால் அடங்கும். ஓட்டுநர்கள் அனுபவத்தால் சொல்வதைச் சூத்திரமும் சொல்கிறது.

எந்த இருக்கை என்பதும் முக்கியம். பூங்காவில் குழந்தைகள் ஆடும் சீசா பலகையை நினைத்துப் பாருங்கள். நடுவில் உட்கார்ந்தவருக்கு அசைவு குறைவு. முனையில் உட்கார்ந்தவர் எகிறுவார். வேகத்தடையில் ஏறி இறங்கும் வண்டியும் இத்தகைய பலகைதான். இரு அச்சுகளுக்கும் நடுவில் உள்ள நடு வரிசைக்குக் குலுக்கல் குறைவு. பின் அச்சின்மேல் அல்லது அதற்கும் அப்பால் உள்ள கடைசி வரிசைக்கு மிகுதி.

பக்கவாட்டில் அமர்ந்தால்

சுமோவிலும் பொலிரோவிலும் கடைசி இருக்கைகள் எதிரெதிராகப் பக்கவாட்டில் அமைந்தவை. முன்னோக்கி அமர்ந்தவர், பிரேக் போட்டால் பாதத்தை ஊன்றித் தம்மைக் காத்துக்கொள்வார். பக்கவாட்டில் அமர்ந்தவரின் உடல் நிலைமத்தால் பக்கத்தில் இருப்பவர்மீது சாயும். ஊன்ற எதுவும் இல்லை. எதிரில் உள்ளவருடன் முழங்கால் இடிக்கும். வண்டி போகும் திசையும் கண்ணுக்குத் தெரிவதில்லை. காதிலுள்ள சமநிலை உறுப்பு உடல் அசைகிறது என்கிறது. கண்ணோ எதிரே உள்ள ஆள் அசையவில்லை என்கிறது. மூளை குழம்புகிறது, குமட்டுகிறது. கடைசி வரிசையில் உள்ளவர்களே பெரும்பாலும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வருவது இதனால்தான்.

பாதுகாப்பும் இங்கே சேர்கிறது. முன்னோக்கிய பின் இருக்கைகளில் அமர்பவரும் வார் அணிய வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. முன்னால் இருப்பவருக்கு மட்டுமே அது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கடைசி வரிசைக்கும் பின் கதவுக்கும் இடையே பல வண்டிகளில் ஒரு சாண் இடமே உண்டு என்பதையும் மறக்கலாகாது.

அளந்து பார்க்கும் முறை

ஊருக்குத் திரும்பியதும் நானும் இரண்டு நண்பர்களும் தையல்காரரிடம் ஒரு நாடாவை வாங்கிக்கொண்டு வாடகை வண்டி நிறுத்தத்திற்குச் சென்றோம். ஓட்டுநர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களே கதவுகளைத் திறந்து உட்காரச் சொன்னார்கள். நாங்கள் கண்டறிந்த எளிய முறை இது. நாடா இல்லாமலும் செய்யலாம்.

முதலாவது, முன்னிருக்கையை உங்கள் வசதிக்கு நகர்த்தி வைத்துவிட்டு, அதை மாற்றாமல் அதன் பின்னால் நீங்களே போய் உட்காருங்கள். முழங்காலுக்கும் முன்னிருக்கைக்கும் இடையே ஒரு கைம்முட்டி நுழைய வேண்டும். இரண்டாவது, முதுகைச் சாய்த்தபின் முழங்காலின் பின்புறத்திற்கும் மெத்தை விளிம்பிற்கும் இடையே இரண்டு மூன்று விரல்கள் நுழைய வேண்டும். பாதம் தரையில் பதிய வேண்டும். மூன்றாவது, தொடையின் அடியில் கையை விட்டுப் பாருங்கள். தாராளமாக நுழைந்தால் தொடைக்குத் தாங்கல் இல்லை என்று பொருள். நான்காவது, தலைக்கும் கூரைக்கும் இடையே உள்ளங்கை அகலமாவது இருக்க வேண்டும். ஐந்தாவது, ஒரு நிமிடம் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். மிக மெத்தென்ற மெத்தை முதல் நிமிடத்தில் மகிழ்விக்கும்; கால் மணி நேரத்தில் அமுங்கி எலும்பை அடித்தளத்தில் இருத்திவிடும். ஆறாவது, புடவை கட்டிய ஒருவர் மடக்கிய இருக்கையைத் தாண்டிக் கடைசி வரிசைக்கு ஏறி இறங்க முடிகிறதா என்று பாருங்கள். கடைசியாக, குளிர்காற்று அங்கே வரை வருகிறதா என்றும் பாருங்கள். சித்திரை வெயிலில் இது சிறிய செய்தி அன்று.

இவ்வாறு பார்த்ததில் எங்களுக்கு ஒன்று விளங்கியது. முன்னிருக்கையை வைத்து ஒப்பிட்டால் எல்லா வண்டிகளும் ஏறக்குறைய நல்லவையே. நடு வரிசைக்கு வந்தால் வேறுபாடு தெரிகிறது. கடைசி வரிசையில்தான் எது உண்மையில் பெரிய வண்டி என்பது வெளிப்படுகிறது. ஏழு பேர் என்று எழுதியிருப்பதாலேயே ஏழு பெரியவர்கள் மூன்று மணி நேரம் அமர முடியும் என்று பொருளாகாது. ஐந்து பேருக்கு நல்ல வண்டி ஐந்து பேருக்கு நல்ல வண்டி, அவ்வளவே.

நிறைவாக

மனமிருந்தால் புளிய இலையிலும் இருவர் படுக்கலாம் என்பது நம் முன்னோர் மொழி. ஆனால் படுக்க இடம் கொடுக்கும் அந்த மனம் யாருடையது என்று பார்த்தால், பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையதாகவும் முதியவர்களுடையதாகவுமே இருக்கிறது. இடைகழியில் முதலில் இருந்தவர் எழுந்து இடம் தந்தார். நம் வண்டிகளிலோ முதலில் ஏறுபவர் நன்றாக அமர்ந்துகொள்கிறார். வலியுள்ள முழங்கால்கள் பின்னால் போகின்றன. இந்தத் தவற்றைப் பொறியாளர்கள் திருத்த இயலாது. நாம்தான் திருத்த வேண்டும்.

புதிய வண்டி வாங்கும் வசதி எங்கள் குடும்பத்துக்கு இல்லை. ஆனால் இருக்கும் வண்டியில் யார் எங்கே அமர்வது என்பதை மாற்றப் பணம் தேவையில்லை. சென்ற தை மாதம் ஒரு திருமணத்திற்காகத் திருவந்திபுரம் சென்றோம். பத்துக் கிலோமீட்டர்தான். வண்டி வந்ததும் சித்தப்பா வழக்கம்போல் முன்கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். நான் பின்னால் ஏறிக்கொண்டு, தாயாரை நடு வரிசையில் சன்னலோரம் அமரச் சொன்னேன். "நீ படிக்கிற புள்ள, உனக்கு எதுக்குடா அங்க?" என்றார். "படிச்சதனாலதாம்மா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். திருவந்திபுரத்தில் வண்டி நின்றபோது முதலில் இறங்கியவர் அவர்தான்.